பாவலர் பிரதர்ஸ்: கட்சி மேடையில் பாடிய அண்ணன் தம்பிகள்... இளையராஜாவுக்கு முந்தைய கதை தெரியுமா?

2025 மார்ச் 8. லண்டனில் உள்ள ஈவென்டிம் அப்பல்லோ அரங்கம். ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்தது. தமிழ்நாடே கொண்டாடிய நாள் அது. ஆனால், அவர் ஏறிய முதல் மேடை எது தெரியுமா?

அது சினிமா மேடை இல்லை. சபா மேடையும் இல்லை. கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுக்கூட்ட மேடை. அங்கே அவர் தனி ஆளாகவும் இல்லை. அண்ணன் தம்பிகள் சேர்ந்து பாடிய ஒரு குழுவில் கடைசி வரிசையில் வந்து சேர்ந்த சின்னப் பையன். அந்தக் குழுவின் பெயர்தான் 'பாவலர் பிரதர்ஸ்'.

அந்தப் பெயருக்குக் காரணமான அண்ணன், தம்பியின் முதல் படம் வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டார். தென் மாவட்டங்களில் இன்றைக்கு 70, 80 வயதில் இருப்பவர்களில் சிலருக்கு மட்டும் அந்தக் குரல் காதில் இருக்கலாம். அந்தக் குழு எப்படி உருவானது, என்ன பாடியது, எங்கே போனது? விரிவாகப் பார்க்கலாம் வாங்க.

யார் இந்த பாவலர் பிரதர்ஸ்?

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கும் ஊர் பண்ணைப்புரம். இன்றைக்கு தேனி மாவட்டம். அன்றைக்கு மதுரை மாவட்டம். அந்த ஊரின் ராமசாமி குடும்பத்துப் பிள்ளைகள்தான் இவர்கள்.

மூத்தவர் வரதராஜன். பாட்டு எழுதுவார், மெட்டுப் போடுவார், பாடுவார், ஆர்மோனியம் வாசிப்பார். மக்கள் வைத்த பெயர் 'பாவலர்'. அடுத்து பாஸ்கர். அதன் பிறகு ராசய்யா. கடைக்குட்டி அமர்சிங்.

ராசய்யா யார் என்று சொல்லவே வேண்டாம். பெற்றோர் வைத்த பெயர் ஞானதேசிகன். பள்ளியில் ராசய்யா ஆனார். சென்னையில் தன்ராஜ் மாஸ்டர் அதை 'ராஜா' என்று சுருக்கினார். சினிமாவில் 'இளையராஜா' ஆனார். அமர்சிங்தான் பின்னாளில் கங்கை அமரன்.

வரதராஜனுக்கும் தம்பிகளுக்கும் அப்பா ஒருவர்தான், அம்மா வேறு. ஆனால் தம்பிகள் இன்றைக்கும் மேடைகளில் பேசும்போது 'எங்க அண்ணன்' என்றுதான் சொல்கிறார்கள். அந்த உரிமையும் பயமும் கலந்த தொனியில்தான் இந்தக் குழுவே நடந்தது.

1958 தேவிகுளம்: ஒரு இடைத்தேர்தல், ஒரு ஆர்மோனியம்

பாவலர் வரதராஜன் பெயர் வெளியே பரவக் காரணமானது ஒரு இடைத்தேர்தல்.

1957 ஏப்ரலில் கேரளாவில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி அமைந்தது. 126 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் மிக மெல்லிய பெரும்பான்மை. ஒவ்வொரு எம்.எல்.ஏ.வும் முக்கியம். அந்த நேரத்தில் தேவிகுளம் தொகுதியில் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 1958ல் இடைத்தேர்தல்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். தேவிகுளம், மூணாறு பகுதித் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். போடி, கம்பம், உத்தமபாளையம் பக்கமிருந்தும் திருநெல்வேலிப் பக்கமிருந்தும் மலையேறிப் போன குடும்பங்கள். அவர்களிடம் மலையாளத்தில் மேடை போட்டுப் பேசினால் எத்தனை பேர் நின்று கேட்பார்கள்?

கட்சி வரதராஜனை அழைத்தது. ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு அவர் மலை ஏறினார். தொழிலாளர் லயங்களுக்கு நடுவே பாடினார். கூலி, ரேஷன், கங்காணி, முதலாளி என்று அவர்கள் தினமும் பேசும் பேச்சையே பாட்டாக்கினார்.

ரோசம்மா புன்னூஸ் மறுபடியும் ஜெயித்தார். வெற்றிக் கூட்டத்தில் ஈ.எம்.எஸ்., பாவலரை மேடையிலேயே பாராட்டினார் என்பது அந்தக் குடும்பம் பல பேட்டிகளில் பெருமையோடு சொல்லும் செய்தி. ஒரு மாநில ஆட்சியின் மூச்சு ஒரு தொகுதியில் தொங்கிக்கொண்டிருந்தபோது, அந்தத் தொகுதியில் ஒலித்த தமிழ்க் குரல் பண்ணைப்புரத்துக்காரருடையது.

மேடையில் என்னதான் நடக்கும்?

இன்றைக்கு அரசியல் கூட்டம் என்றால் எல்.இ.டி. திரை, டிஜே, ரெடிமேட் பிரசாரப் பாட்டு. அன்றைக்கு அப்படி இல்லை. தலைவர் பேச இரவு 10 மணி ஆகும். சில நேரம் 11. மாலையிலேயே வந்து உட்கார்ந்த கூட்டத்தைக் கலையாமல் வைத்திருக்க வேண்டும். அதற்குத்தான் பாட்டுக் கச்சேரி. சொல்லப்போனால், பல ஊர்களில் கூட்டமே பாட்டுக்குத்தான் வரும்.

வரதராஜன் கையாண்டது இரண்டு வழி.

முதல் வழி, நாட்டுப்புற மெட்டு. நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, கும்மி. கேட்பவருக்கு மெட்டு ஏற்கனவே தெரியும். புதிய வரிகள் மட்டும் மனதில் ஏறினால் போதும்.

இரண்டாவது வழி, சினிமா மெட்டு. அந்த வாரம் ஊரெல்லாம் ஒலிக்கும் ஹிட் பாட்டை எடுத்துக்கொள்வார். காதலிக்காக உருகிய வரிகளை எடுத்துவிட்டு, அரிசி விலையையும் ஆளுங்கட்சியையும் அந்த இடத்தில் உட்கார வைப்பார். கேட்கிறவர் முதலில் சிரிப்பார். பிறகுதான் வரி உறைக்கும். மறுநாள் டீக்கடையில் நிஜப் பாட்டு ஒலித்தாலும் வாயில் வருவது பாவலரின் வரியாக இருக்கும்.

இது சாதாரண வேலை இல்லை. மெட்டின் ஒவ்வொரு அசைக்கும் சொல் கச்சிதமாகப் பொருந்த வேண்டும். நெடில் வரும் இடத்தில் குறில் வந்தால் பாட்டு நொண்டும். அதையும் உள்ளூர்ச் செய்திக்கு ஏற்றபடி உடனுக்குடன் எழுத வேண்டும். இந்தப் பட்டறையில்தான் தம்பிகள் வளர்ந்தார்கள்.

விருதுநகர், சிவகாசிக்கும் இந்தக் கதைக்கும் என்ன தொடர்பு?

நேரடியாகப் பார்த்தால் இது தேனிப் பக்கத்துக் கதை. ஆனால் பாட்டால் அரசியல் பேசும் பழக்கத்துக்கு நம்ம ஊரிலும் ஆழமான வேர் இருக்கு.

சிவகாசியில் 1886ல் பிறந்தவர் விஸ்வநாததாஸ். நாடக நடிகர், பாடகர், விடுதலைப் போராட்ட வீரர். முருகன் வேஷத்தில் மேடை ஏறுவார். புராணக் கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே வெள்ளைக்காரனைக் கொக்காக்கி ஒரு பாட்டைப் பாடிவிடுவார். மதுரகவி பாஸ்கரதாஸின் பாடல்கள் அவர் குரலில் ஊர் ஊராகப் போயின. அதற்காகப் பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் நாடக மேடையில், முருகன் வேஷத்திலேயே அவர் உயிர் பிரிந்தது.

விருதுநகர் தேசபந்து மைதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1956ல் மாநிலத்துக்குத் 'தமிழ்நாடு' என்று பெயர் வைக்கக் கோரி சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்தது அங்கேதான். தேவிகுளம் இடைத்தேர்தலுக்கு இரண்டு வருஷம் முன்பு. அப்போது விருதுநகர், சிவகாசி, சாத்தூர் எல்லாமே ராமநாதபுரம் மாவட்டம். தனி மாவட்டம் ஆனது 1985ல்தான்.

அதாவது, மைதானத்தில் கூடி மேடையைப் பார்த்து அரசியல் கற்ற தலைமுறை ஒன்று தென் மாவட்டம் முழுக்க இருந்தது. பாவலர் வரதராஜனின் ரசிகர்கள் அந்தத் தலைமுறைதான். விஸ்வநாததாஸ் நாடகத்துக்குள் அரசியலை ஒளித்து வைத்தார். வரதராஜனுக்கு ஒளிக்க வேண்டிய தேவை இல்லை. அரசியல் மேடையிலேயே நின்று பாடினார்.

ராசய்யா குழுவில் சேர்ந்தது எப்படி?

அண்ணனின் ஆர்மோனியத்தைத் தம்பிகள் தொடக் கூடாது. இது வீட்டுச் சட்டம். மீறினால் அடி விழும் என்று இளையராஜாவே பலமுறை சொல்லியிருக்கிறார். அண்ணன் ஊரில் இல்லாத நேரம் பார்த்துத் திருட்டுத்தனமாக வாசித்துப் பழகினார்.

14 வயதில் குழுவில் சேர்ந்தார். அண்ணனுக்கு உடம்பு சரியில்லாத ஒரு நேரத்தில், துணைக்குத் தம்பியை அனுப்பினால் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்பதுதான் தொடக்கம். பெண் குரலில் பாடுவது அவர் வேலை. குழுவில் பாடப் பெண்கள் கிடையாது. ஆண் பெண் மாறி மாறிப் பாடும் பாட்டுக்கு உடையாத பிஞ்சுக் குரல் தேவைப்பட்டது. கூட்டம் கைதட்டியது.

கொஞ்ச நாளில் மகரக்கட்டு உடைந்தது. பெண் குரல் போச்சு. அதோடு கைதட்டலும் போச்சு. குரல் கைவிட்ட பிறகுதான் ஆர்மோனியம் அவர் கைக்கு முழுதாக வந்தது. பாடகராக வந்த பையன் வாத்தியக்காரராக மாறிய இடம் இது. பின்னாளில் அவர் இசையமைப்பாளர் ஆனதற்கு இந்த ஒரு திருப்பமும் காரணம் என்று சொல்லலாம்.

பாஸ்கர் தாளம் பார்த்துக்கொண்டார். அமர் வளர்ந்து வந்து கிட்டார் எடுத்தார். அண்ணன் பாட்டு, தம்பிகள் பக்கவாத்தியம். குழு முழுமை பெற்றது.

பத்து வருஷ மேடை கற்றுக்கொடுத்தது என்ன?

1958 முதல் 1968 வரை ஏறக்குறைய பத்து வருஷம் ராஜா இந்த மேடைகளில் இருந்தார். தமிழ்நாடு, கேரளா என்று ஊர் ஊராகப் பயணம். இந்தப் பத்து வருஷத்தை ஒரு இசைக் கல்லூரியாகப் பார்த்தால் பாடத்திட்டம் இப்படித்தான் இருந்திருக்கும்:

• மண்ணின் மெட்டுகள்: தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் புத்தகத்தில் படித்தவை இல்லை. வீட்டில் அம்மா சின்னத்தாயிடம் கேட்டவை, மேடையில் வாசித்தவை.

• சினிமா மெட்டுகள்: அண்ணன் வரியை மாற்ற வேண்டுமானால் தம்பி அந்த மெட்டை அச்சு அசலாக வாசிக்க வேண்டும். அன்றைய இசையமைப்பாளர்களின் பாடல்கள் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்துக் கற்க வேண்டிய கட்டாயம்.

• வேகம்: மாலையில் எழுதிய வரிக்கு இரவில் வாசிக்க வேண்டும். ஒத்திகைக்கு நேரம் கிடையாது. பின்னாளில் ஒரே நாளில் பல பாடல்களை முடித்த வேகத்துக்கு இது பயிற்சி.

• கூட்டத்தின் காது: எந்த இடத்தில் மக்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள், எந்த இடத்தில் பீடி பற்றவைக்க எழுந்து போகிறார்கள் என்பதை மேடையில் இருப்பவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தக் காலத்தில்தான் ராஜா சொந்தமாக மெட்டுப் போடவும் தொடங்கினார். 1964ல் நேரு மறைந்தபோது கவிஞர் கண்ணதாசன் எழுதிய இரங்கல் கவிதைக்கு இசையமைத்தது அவருடைய முதல் இசையமைப்பாகச் சொல்லப்படுகிறது.

சென்னைப் பயணம்: ரேடியோ விற்ற 400 ரூபாய்

1960களின் கடைசியில் தம்பிகள் சென்னைக்குக் கிளம்பினார்கள். வீட்டில் இருந்த ரேடியோவை விற்று அம்மா கொடுத்த 400 ரூபாய்தான் கையிருப்பு. இதையும் இளையராஜா பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஏற்கனவே அங்கே போய் சினிமாவுக்கு முயற்சி செய்துகொண்டிருந்த அல்லிநகரத்து நண்பர் பாரதிராஜாதான் ஒரே தெரிந்த முகம்.

1968ல் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்கத் தொடங்கினார் ராஜா. கிட்டார் கற்று லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வை எழுதினார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராகப் பல படங்களில் வேலை பார்த்தார். சலில் சௌத்ரி போன்றவர்களுக்கு வாசித்தார்.

இந்த நாட்களிலும் சகோதரர்கள் 'பாவலர் பிரதர்ஸ்' என்ற பெயரில் மேடைகளில் வாசித்தார்கள். அண்ணன் ஊரில் இருந்தாலும் விசிட்டிங் கார்டு அண்ணன் பெயர்தான்.

1973: அண்ணன் மறைவு

1973ல் பாவலர் வரதராஜன் காலமானார். தம்பிகள் அப்போது சென்னையில் இன்னும் வாய்ப்புத் தேடும் நிலையில்தான் இருந்தார்கள்.

மூன்று வருஷம் கழித்து, 1976 மே மாதம் 'அன்னக்கிளி' வெளியானது. தேவராஜ்-மோகன் இயக்கம். வாய்ப்புக் கொடுத்தவர் பஞ்சு அருணாசலம்.

டைட்டிலில் என்ன பெயர் போடுவது என்ற பேச்சு வந்தபோது ராஜா சொன்ன பெயர் 'பாவலர் பிரதர்ஸ்'. பஞ்சு அருணாசலத்துக்கு அது பழைய பாணிப் பெயராகத் தோன்றியது. 'ராஜா' என்று போடலாம் என்றால் ஏற்கனவே ஏ.எம். ராஜா இருக்கிறார். அதனால் 'இளைய' என்ற சொல் முன்னால் சேர்ந்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு அந்தப் பெயர் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தால், தமிழ் சினிமாவின் டைட்டில் கார்டுகளில் இறந்துபோன அண்ணனின் பெயர் ஓடிக்கொண்டிருந்திருக்கும். ஒரு குழுவின் பெயர் முடிந்து ஒரு தனி மனிதரின் பெயர் தொடங்கிய இடம் அதுதான்.

'அன்னக்கிளி' பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தபோது, 'இது நம்ம பாட்டு மாதிரியே இருக்கே' என்று கிராமங்கள் நினைத்ததில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அந்தக் கிராமங்களின் மைதானங்களில் பத்து வருஷம் வாசித்தவரின் கை அது.

பாவலர் பெயர் அதன் பிறகு என்ன ஆச்சு?

முழுதாக மறையவில்லை. பாஸ்கர் தயாரிப்பாளர் ஆனார். நிறுவனத்தின் பெயர் 'பாவலர் கிரியேஷன்ஸ்'. பாரதிராஜா இயக்கிய 'அலைகள் ஓய்வதில்லை' (1981), ரஜினி நடித்த 'ராஜாதி ராஜா' (1989) எல்லாம் அந்தப் பெயரில் வந்தவை.

கங்கை அமரன் பாடலாசிரியர், இசையமைப்பாளர், இயக்குநர் என்று மூன்று பக்கமும் கால் வைத்தார். '16 வயதினிலே' (1977) படத்தில் பாட்டு எழுதினார். 'வாழ்வே மாயம்' (1982) படத்துக்கு இசையமைத்தார். 'கோழி கூவுது' (1982) மூலம் இயக்குநர் ஆனார். 'கரகாட்டக்காரன்' (1989) எப்படி ஓடியது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டாலே தெரியும்.

அடுத்த தலைமுறையில் கார்த்திக் ராஜா, யுவன் சங்கர் ராஜா, மறைந்த பவதாரிணி, வெங்கட் பிரபு, பிரேம்ஜி. ஒரு ஆர்மோனியத்தில் தொடங்கிய வரிசை இது.

அமெரிக்காவிலும் இதே போல ஒரு குடும்பக் குழு!

இந்தக் கதையைப் படிக்கும்போது அமெரிக்காவின் 'ஸ்டேபிள் சிங்கர்ஸ்' குழு ஞாபகத்துக்கு வரும். சோல் இசை என்றால் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டும் ப்ளூஸும் கலந்து உருவான பாணி. அதில் பெரிய பெயர் இந்தக் குடும்பக் குழு.

அப்பா பாப்ஸ் ஸ்டேபிள்ஸ், மிசிசிப்பி மாநிலப் பருத்தித் தோட்டத்தில் வளர்ந்தவர். வேலை தேடி சிகாகோவுக்குப் போனார். 1948 வாக்கில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு தேவாலயங்களில் பாடத் தொடங்கினார். 1960களில் மார்ட்டின் லூதர் கிங்கின் உரிமைப் போராட்டத்துக்காகப் பாடினார்கள். 1965ல் செல்மாவில் இருந்து மாண்ட்கோமரி வரை நடந்த பேரணிக்காகவே தனிப் பாட்டு எழுதினார்கள். 1972ல் அவர்களின் பாட்டு பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதல் இடம் பிடித்தது. 1999ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது. கடைசி வரை பாடிக்கொண்டிருக்கும் மகள் மேவிஸ் ஸ்டேபிள்ஸ் இன்றைக்கும் உலகறிந்த பாடகி.

ஒற்றுமையைப் பாருங்க. தோட்டத் தொழிலாளர் வாழ்க்கை. ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த குடும்பம். வீட்டுப் பெரியவர்தான் தலைவர். போராட்ட மேடை. பிறகு வெகுஜனப் புகழ்.

ஒரு பெரிய வித்தியாசமும் இருக்கு. ஸ்டேபிள் சிங்கர்ஸ் பாடிய காலத்திலேயே இசைத்தட்டு நிறுவனங்கள் அவர்களைப் பதிவு செய்தன. பாப்ஸின் கிட்டார் சத்தத்தை இப்போதே உங்கள் போனில் கேட்கலாம். பாவலர் வரதராஜனோ இசைத்தட்டு விற்று வாழ்ந்தவர் இல்லை, மேடையில் வாழ்ந்தவர். அவர் பாட்டு என்று இன்றைக்கு நாம் கேட்பது பெரும்பாலும் தம்பிகள் ஞாபகத்தில் இருந்து பாடிக்காட்டும் வரிகளைத்தான்.

மெட்டு யாருக்குச் சொந்தம்?

இந்தக் கேள்வி இன்றைக்கு அடிக்கடி செய்தியில் வருகிறது. 2017ல் தன் பாடல்களை அனுமதியில்லாமல் மேடைக் கச்சேரிகளில் பாடக் கூடாது என்று எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியது. 2024ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தில் 'குணா' பாட்டைப் பயன்படுத்தியதற்கும் நோட்டீஸ் போனது.

'அண்ணன் அடுத்தவர் மெட்டில் பாடினார், தம்பி மெட்டுக்குக் காசு கேட்கிறார்' என்று சிலர் எளிதாகக் கிண்டல் செய்யலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பாவலர் மெட்டை எடுத்தது டிக்கெட் போட்டு விற்க இல்லை. இலவசக் கூட்டத்தில், ஒரு கருத்துக்காகப் பாடினார். இன்றைய வழக்குகள் டிக்கெட், டிஜிட்டல் உரிமை, கோடிக்கணக்கான வசூல் பற்றியவை. படைத்தவருக்குப் பங்கு வேண்டும் என்பது நியாயமான வாதம்.

அதே நேரம் இன்னொன்றும் உண்மை. மெட்டுகள் மக்களிடம் சுதந்திரமாகப் புழங்கிய காலத்தில்தான் பாவலர் பிரதர்ஸ் போன்ற ஒரு குழு உருவாக முடிந்தது. அந்தப் புழக்கத்தில் இருந்துதான் இளையராஜாவும் வந்தார். உரிமையைக் காக்கும் சட்டம் வேண்டும். கூடவே, டிக்கெட் இல்லாத தெருமுனைப் பாட்டுக்காரனுக்கும் கொஞ்சம் இடம் வேண்டும். இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்பதுதான் நிஜமான கேள்வி.

அரசியல் எங்கே போச்சு?

செங்கொடி மேடையில் தொடங்கிய குடும்பம். 2017ல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் கங்கை அமரன் பா.ஜ.க. வேட்பாளராக அறிவிக்கப்பட்டார். 2022 ஜூலையில் இளையராஜா மாநிலங்களவை நியமன உறுப்பினர் ஆனார். இதை வைத்து சமூக வலைதளங்களில் விவாதம் நடப்பது வழக்கம்.

அவரவர் அரசியல் அவரவர் உரிமை. ஆனால் பாவலர் தொடங்கிய மேடைப் பாட்டு வேறு கைகளில் தொடர்ந்தது என்பதையும் சொல்லணும். 1975ல் மதுரையில் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தொடங்கப்பட்டது. அதன் 'கலை இரவு' மேடைகளில் கரிசல் குயில் கிருஷ்ணசாமி, கரிசல் கருணாநிதி, திருவுடையான் போன்றோர் விடிய விடியப் பாடினார்கள். பெயரிலேயே கரிசல் இருப்பதைக் கவனித்தீர்களா? நம்ம கரிசல் காட்டுப் பக்கத்துக் குரல்கள் அவை.

இப்போது ஏன் இந்தக் கதை?

காரணம் எளிது. 1958ல் 15 வயதில் கூட்டம் கேட்கப் போன ஒருவருக்கு இன்றைக்கு 80 வயது தாண்டியிருக்கும். பதிவாகாத பாட்டு, கேட்டவர் இருக்கும் வரைதான் உயிரோடு இருக்கும்.

நம்ம பக்கத்தில் பட்டாசு ஆலையில், தீப்பெட்டி ஆபீஸில், அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்ந்த தாத்தா பாட்டிகள் பலர் உண்டு. தொழிற்சங்கக் கூட்டம், தேர்தல் கூட்டம் என்று பார்த்தவர்கள். அவர்களுக்கு பாவலர் பாட்டே தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. வேறு யாரோ ஒரு உள்ளூர்ப் பாடகர், வேறு ஏதோ ஒரு கட்சி, பெயரே தெரியாத ஒரு பாட்டு ஞாபகத்தில் இருக்கலாம்.

உங்களால் செய்ய முடிந்தவை இவை:

• வீட்டில் பெரியவர்களிடம் 'கூட்டத்துல என்ன பாட்டு பாடுவாங்க?' என்று கேளுங்கள். வரி மறந்திருந்தாலும் மெட்டை முணுமுணுக்கச் சொல்லுங்கள்.

• போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் செய்து, பாடியவர் பெயர், ஊர், ஏறக்குறைய எந்த வருஷம் என்பதையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.

• பழைய பாட்டுப் புத்தகம், கூட்ட நோட்டீஸ் பரணில் இருந்தால் எடைக்குப் போடும் முன் போட்டோ எடுத்து வையுங்கள்.

ஒரே பார்வையில்: பாவலர் பிரதர்ஸ் பயணம்

• 1958: தேவிகுளம் இடைத்தேர்தலில் பாவலர் வரதராஜன் பிரசாரப் பாட்டு. இதே காலத்தில் ராசய்யா குழுவில் சேர்கிறார்.

• 1964: நேரு இரங்கல் கவிதைக்கு ராஜாவின் முதல் இசையமைப்பு.

• 1968: சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் பயிற்சி.

• 1973: பாவலர் வரதராஜன் மறைவு.

• 1976: 'அன்னக்கிளி'. 'பாவலர் பிரதர்ஸ்' என்ற பெயருக்குப் பதில் 'இளையராஜா'.

• 1981: பாவலர் கிரியேஷன்ஸ் தயாரிப்பில் 'அலைகள் ஓய்வதில்லை'.

• 2025: லண்டனில் 'வேலியன்ட்' சிம்பொனி.

ஒரு மேதை தானாக முளைத்து வந்தார் என்று நம்புவது நமக்குப் பிடிக்கும். இளையராஜா விஷயத்தில் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, மைக் செட்டும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சமும் இருந்த மைதானங்களில், அண்ணன் பாட, தம்பிகள் வாசிக்க, பெயர் தெரியாத ஆயிரம் பேர் தரையில் உட்கார்ந்து கேட்ட இரவுகளில் இருக்கிறது. அந்த ஆயிரம் பேரில் ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.